கிலோமீட்டர் எண் சரியாக ஓடும்போது கேபிளை ஏன் மாற்றினீர்கள்?

அனுப்புநர்:
1978 மாடல் புல்லட் 350 வண்டியின் உரிமையாளர்,
திருச்சி.

பெறுநர்:
மேலாளர்,
மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவு.

பொருள்: பழுதுக்கு விட்ட ஸ்பீடோமீட்டர் மேலும் கெட்டுப்போனது – திருத்தித் தரவும், கேபிள் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

கடந்த மாதம் 9-ம் தேதி என் புல்லட்டை உங்கள் பட்டறையில் விட்டேன். 4 நாள் கழித்து 2,450 ரூபாய் கட்டி எடுத்து வந்தேன். மீட்டர் சர்வீசுக்கு 1,800, புதுக் கேபிளுக்கு 650. விடும்போது முள் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது அது தப்பான வேகத்தைக் காட்டுகிறது.

கோளாறை வாயால் சொன்னதோடு நிற்காமல் வேலைச் சீட்டிலும் எழுத வைத்தேன்: "முள் மந்தம். கிலோமீட்டர் எண் சரி." அந்த இரண்டாவது வரியை யாருமே படிக்கவில்லை என்று நினைக்கிறேன். முன் சக்கரத்திலிருந்து மேலே வருவது ஒரே கேபிள். அது சுற்றுவதில்தான் எண்களும் நகர்கின்றன, முள்ளும் ஏறுகிறது. எண்கள் பல்சக்கரத்தில் ஓடுகின்றன. கேபிள் அறுந்தாலோ நழுவினாலோ அவையும் காட்டிக்கொடுக்கும். முள்ளுக்குப் பல்சக்கரம் கிடையாது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணம் அதோடு திரும்பப் பார்க்கிறது. மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில்தான் முள் நிற்கிறது. இவ்வளவு மெல்லிய இழுப்பு என்பதால், கிண்ணத்தின் அச்சில் பழைய எண்ணெய் காய்ந்து பிசினானாலே முள் தயங்கிவிடும்.

என் வண்டியில் நடந்தது அதுதான். 50-இல் போனால் முள் 50-க்கு வந்து சேர 10 விநாடி ஆகும். சிக்னலில் வண்டி நின்ற பிறகும் 20-இல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெதுவாக இறங்கும். எண் சரி, முள் மட்டும் மந்தம் என்றால் பார்க்க வேண்டிய இடம் மீட்டரின் உள்ளே. நானே அதற்கு முந்தைய வாரம் கேபிளின் உள்கம்பியை உருவி, மேசைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்திருந்தேன். எங்கும் துள்ளாமல் உருண்டது. கம்பி மடங்கியிருந்தால் முள் நடுங்கியிருக்கும். இதையும் உங்கள் ஆளிடம் சொன்னேன். "பழைய கேபிள் சார், மாத்திட்டா சரியாயிடும்" என்றார். கழற்றிய கேபிளைக் கேட்டால், குப்பையில் போட்டாயிற்று என்று பதில்.

சரி, புதுக் கேபிள் போட்டதோடு விட்டிருந்தால்கூடப் பணத்தோடு போயிருக்கும். அதில் மேல்முனைவரை கிரீஸை அடைத்திருக்கிறீர்கள். கீழ்ப்பாதியில் மெல்லிய பூச்சு போதும். மேலே ஒரு சாண் காய்ந்தே இருக்க வேண்டும். உள்கம்பி முறுக்குக் கம்பி அல்லவா, சுற்றச் சுற்ற அது கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். இரண்டே வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படிந்துவிட்டது. முன்பு காய்ந்த பிசினால் தயங்கிய முள், இப்போது புதுக் கிரீஸில் சிக்கித் தயங்குகிறது. வாட்ச் கடைக்காரர் கை வைப்பதுபோல் அச்சைத் துடைத்து ஒரு சொட்டு வாட்ச் எண்ணெய் விட வேண்டிய இடம் அது.

அப்புறம் முள்ளின் தப்பு. தஞ்சாவூர் சாலையில் மைல்கல் பார்த்து, கையில் கடிகாரத்தோடு ஓட்டினேன். முள்ளை 40-இல் வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 90 விநாடி ஆக வேண்டும். 72 விநாடிதான் ஆனது. அதாவது 50. முள்ளை 20-இல் வைத்தால் 180-க்குப் பதில் 120 விநாடி. அதாவது 30. காந்தம் பலவீனப்பட்டிருந்தால் வேகம் கூடக் கூடக் குறைவும் கூடியிருக்கும். இரண்டு இடத்திலும் அதே 10 குறைகிறது என்றால், முள்ளைப் பிடுங்கி, இடம் மாற்றிக் குத்தியிருக்கிறீர்கள். வண்டி 10-இல் உருளும்போது முள் தடுப்புக் குச்சியைவிட்டு அசைவதே இல்லை. அந்த ஓட்டத்தில் எண்கள் மட்டும் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒன்று என்று பிசகாமல் விழுந்தன. மந்தமான முள்ளோடு சமாளித்து ஓட்டலாம். 50-இல் போகிறவனுக்கு 40 என்று காட்டும் முள் ஆபத்து. என் பின்னால் பெண் குழந்தை உட்கார்ந்து வருகிறாள்.

போன வாரம் திரும்ப வந்து கேட்டபோது, "ஒரிஜினல் மாதிரியே புது மீட்டர் இருக்கு, போட்டுடலாம்" என்றார்கள். வேண்டாம். இந்த வண்டியை வாங்கியது என் அப்பா. பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைப்பார். 99,999 முடிந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்கிய நாளும் அதில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு அதே நோட்டில் நான் எழுதி வருகிறேன். அந்த எண்கள் ஓடுகிற மீட்டரைத்தான் உங்களிடம் நம்பிக் கொடுத்தேன்.

நான் கேட்பது இதுதான். என் கண் முன்னால் மீட்டரைத் திறந்து, கிரீஸை முழுக்கத் துடைத்து, அச்சைச் சுத்தம் செய்து, முள்ளைச் சரியான இடத்தில் பொருத்தி, ஓட்டிப் பார்த்துத் தர வேண்டும். கிண்ணத்தையும் ஸ்பிரிங்கையும் கைதேர்ந்தவர் மட்டும் தொடட்டும். ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம். தேவையில்லாமல் போட்ட கேபிளுக்கான 650 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இந்த வேலைக்கு உங்களிடம் ஆள் இல்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு வேறு ஆளைத் தேடுகிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வேலைச் சீட்டு, ரசீது நகல்கள், கண்ணாடியில் எண்ணெய் படிந்த புகைப்படம்.