அம்மாவின் பாதத்தை அழுத்திய கைக்கு

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அம்மா நேற்று மாலை யாருடைய தோளையும் பற்றாமல் மாடிப்படி ஏறிப்போய்த் துளசிக்கு நீர் ஊற்றிவிட்டு வந்தார். அம்மாவின் இதய நோயாலும் அறுவையாலும் கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்தவை உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் கூடவே இருந்தீர்கள். ஆகவே அவற்றை மறுபடியும் எழுதப்போவதில்லை. மனத்தில் ஈரம் காய்வதற்குள் சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, காந்தத்தால் உடலுக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறையில் பணிபுரியும் அந்தச் சகோதரிக்கு. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அம்மாவுக்கு வேறோர் இடத்தில் முன்பே ஒருமுறை இதய எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தோம். படங்கள் கலங்கியிருந்தன. அறிக்கையின் அடியில், நோயாளியின் ஒத்துழைப்பு போதவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி, "கொஞ்ச நேரம் சொன்னபடி செய்யக் கூடாதாம்மா?" என்று நானும் அம்மாவைக் கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. இரண்டாம் முறை வேறு மருத்துவமனைக்குச் சென்றபோது, பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த இந்தச் சகோதரி அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. அம்மா பல ஆண்டுகளாகக் காதுக்குக் கருவி வைத்திருப்பவர். காந்த அறைக்குள் போகுமுன் தாலியையும் மூக்குத்தியையும் கழற்றுவதுபோல அந்தக் கருவியையும் கழற்றிவிடுகிறார்கள். அங்கே அது கூடாது. இரைச்சலுக்காகக் காதை வேறு அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் ஒலிபெருக்கியில், மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்? துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தை, மூச்சின் அசைவும் சேராமல் படம் பிடிப்பதற்காகப் பத்துப் பதினைந்து வினாடிகள் மூச்சை நிறுத்தச் சொல்கிறார்கள். அதுவும் ஒருமுறை இருமுறை அல்ல, முக்கால் மணி நேரத்தில் திரும்பத் திரும்ப.

அந்தச் சகோதரி அம்மாவை மேசையில் படுக்க வைப்பதற்கு முன் வெளி அறையில் உட்கார வைத்து, அவருடைய பாதத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பெருவிரலை ஒருமுறை அழுத்தினால் மூச்சை விட்டு நிறுத்த வேண்டும். இருமுறை தட்டினால் இயல்பாக மூச்சு விடலாம். உள்ளங்காலில் நீளமாக ஒரு கோடு இழுத்தால் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். சைகையாலேயே இவ்வளவையும் சொல்லி, அம்மா சிரித்துக்கொண்டே சரியாகச் செய்யும்வரை ஐந்தாறு முறை பழக்கினார். பிறகு தாமும் காதை அடைத்துக்கொண்டு அந்த இரைச்சலுக்குள்ளேயே, இயந்திரத்தின் வாயருகே நின்றார். கண்ணாடிக்கு இப்பால் கணினியை இயக்கிய இளைஞர் கையை உயர்த்த, உள்ளே அவர் பாதத்தை அழுத்த, அப்படியே முழுப் பரிசோதனையும் நடந்தது. அவர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

இந்தச் சிறு செயலால் என்ன கிடைத்தது என்பதைப் பின்னர் இதய மருத்துவர் திரையில் காட்டியபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். அம்மாவைப் பற்றி மருத்துவர்களுக்கு இருந்த ஐயம் இரண்டில் ஒன்று: இதயத் தசையே விறைத்துப்போயிருக்கலாம், அல்லது இதயத்தைச் சுற்றியுள்ள உறை இறுகி அதை நெரிக்கலாம். இரண்டிலும் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். உறை இறுக்கம் ஈரல் நோய்போலத் தோன்றி ஏமாற்றும் என்பதை பிராகு நகரில் பிரீடல் பிக் என்ற மருத்துவர் 1896இலேயே எழுதியிருக்கிறாராம். அம்மாவும் ஈரலுக்குத்தான் நெடுநாள் மருந்து சாப்பிட்டார். உறை இறுகியிருந்தால் அறுவை செய்து உரித்தெடுக்கலாம். தசை விறைத்திருந்தால் அந்த அறுவையால் பயனில்லை. பிரித்தறிய உதவும் முக்கியச் சாட்சிகளில் ஒன்று மூச்சு. இறுகிய உறைக்குள் இடம் அளவோடு இருப்பதால், மூச்சை இழுக்கும்போது வலப்பக்கம் நிரம்பும் இரத்தம், இதயத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. மூச்சை விடும்போது சுவர் திரும்பி வருகிறது. உள்ளங்காலில் அவர் கோடு இழுத்த நொடியில் அம்மாவின் இதய நடுச்சுவர் இடப்பக்கம் சாய்வதை அந்த அசையும் படத்தில் என் கண்ணால் பார்த்தேன். காடோலினியம் என்னும், படத்தைத் தெளிவாக்கும் மருந்தைச் செலுத்தி எடுத்த படங்களில் உறையில் அழற்சியின் ஒளிர்வு இல்லை. அது இருந்திருந்தால் சில மாதங்கள் மருந்து கொடுத்துப் பார்த்திருப்பார்களாம். சி.டி.யில் உறைமேல் சுண்ணாம்புப் படிவு ஓடுபோல வெள்ளையாகத் தெரிந்தது. இளவயதில் வந்து ஆறிய காசநோயின் மிச்சமாக அது இருக்கலாம் என்றார்கள். அறுவை என்று அன்றே முடிவாயிற்று.

மற்றவர்களுக்கும் என் நன்றி குறைவானதன்று. அவசரப்படாமல் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அளவுகளைத் திரும்ப எடுத்து, ஈரலைவிட இதயத்தைப் பாருங்கள் என்று முதலில் எழுதிய எக்கோ (மீயொலியால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) மருத்துவர், அறுவைக் குழுவினர், இரவுப் பணிச் செவிலியர்கள், இரத்தம் கொடுத்த பதினொரு பேர், காப்பீட்டுத் தாள்களுடன் அலைந்த மாமா, அப்பாவுக்கு மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தை ஆகிய எல்லோரையும் அம்மா தனித்தனியே வந்து பார்ப்பார்.

படுக்கையருகே விழித்திருந்த இரவுகளில் இந்தப் படங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்சும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் குறைகளைச் சோதிக்க வைத்திருந்த மீயொலிக் கருவியை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்த்து, பிறகு அதுபோன்ற இன்னொரு கருவியால் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தார்களாம். எக்கோ அப்படித்தான் தொடங்கியது. அத்தனை பேர் உழைத்துக் கொண்டுவந்து சேர்த்த கருவிக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் ஒரே ஓர் இடைவெளி இருந்தது. அதை ஒரு பெண் தம் கட்டைவிரலால் மூடினார்.

இனி காது கேளாத எவரேனும் ஸ்கேனுக்குப் போவதாக அறிந்தால், இந்தப் பாதச் சைகையை நேரில் சென்று சொல்லிக் கொடுப்பேன். காது கேட்குமா என்பதை முதல் கேள்வியாகக் கேட்கும்படி, அந்தப் பழைய அறிக்கையை எழுதிய இடத்துக்கும் கோபமின்றி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

சகோதரி, அடுத்த மாதம் மறு எக்கோவுக்கு வருகிறோம். "அந்தப் பிள்ளையை ஒரு எட்டுப் பார்க்கணும்" என்று அம்மா தினமும் சொல்கிறார். அன்று நீங்கள் சைகையில் பேசத் தொடங்கியபோது அவர் காதில் கருவி இல்லை. இம்முறை அணிந்துகொண்டு வருவார். உங்கள் குரலை அவர் இன்னும் கேட்டதில்லை.