ஸ்ப்ரே அடித்தால் எண்ணெய் போட்டதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இறுகிப்போன எதற்கும் டபிள்யூடி-40 போன்ற துரு நீக்கும் ஸ்ப்ரே போதும், தையல் மெஷினிலிருந்து கேஸ் அடுப்புத் திருகு வரை இலகுவாகிவிடும் என்று சென்ற வாரம் உங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் வந்திருந்தது. தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கி, கேட் தாழ்ப்பாள் எல்லாம் சீக்கிரமே துருவேறிவிடும் என்பதால் எங்களிடமும் அந்த டப்பா எப்போதும் உண்டு. துருவில் கடித்துக்கொண்ட நட்டில் அடித்துக் கால் மணி நேரம் விட்டு ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் விட்ட பசையும் போகும், பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

அம்மாவின் தையல் மெஷினுக்கும் அதையே அடித்தேன். நாலு நாள் பூப்போல ஓடியது, அப்புறம் மிதிக்கவே முடியவில்லை. மெக்கானிக் பாபின் பக்கத்தைக் கழற்றிக் காட்டினார்: பழைய எண்ணெய் துளிகூட இல்லை, நூல் பஞ்சு பழுப்பாகப் பிசின் மாதிரி அப்பியிருந்தது. துடைத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்ட பிறகுதான் ஓடியது.

டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கச் செய்தது அது. டபிள்யூடி என்றால் தண்ணீரை விலக்குவது, 40 என்பது நாற்பதாவது முயற்சி. அதில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பான், எண்ணெய் அதைவிடக் குறைவு. கரைப்பான் காய்ந்ததும் மிஞ்சுவது மெல்லிய படலம். அதனால் கதவுக் கீலோ சைக்கிள் செயினோ, இளக்கித் துடைத்த பிறகு உரிய எண்ணெயோ கிரீஸோ கட்டாயம் போட வேண்டும்.

கேஸ் அடுப்பில் மட்டும் வேண்டவே வேண்டாம். திருகுக்குள் இருக்கும் கிரீஸ்தான் கேஸ் கசியாமல் அடைத்து நிற்கிறது, ஸ்ப்ரே அதைக் கரைத்துவிடும். அதோடு ஸ்ப்ரேயே தீப்பற்றக்கூடியது, பல டப்பாக்களில் அதை வெளியே தள்ளுவதும் எரியும் வாயுதான். திருகு இறுகினால் அடுப்பு சர்வீஸ் செய்பவரைக் கூப்பிடுங்கள். இதை மட்டுமாவது நாளைய இதழிலேயே போட்டுவிடுங்கள் ஐயா, அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்தவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தூத்துக்குடி