தாளைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஓப்பன் மைக் பற்றி, அதாவது யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற நிகழ்ச்சியைப் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். மேடை பயத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரி, எனக்கும் முதல் தடவை கால் நடுங்கியது. ஆனால் கடைசியில் போகிற போக்கில், தாளைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு மேடையே தரக்கூடாது என்று ஒரு போடு போட்டிருக்கிறாரே கட்டுரையாளர், அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் நாலு வருடமாக எங்கள் பகுதி ஓப்பன் மைக்கில் வீட்டு மனிதர்களின் வேடிக்கைக் கதைகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படிக்கிற ஆள். விட்டுவிட முடியுமா?

முதலில் ஒரு பழைய ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1853ல் ஆரம்பித்து, இறந்துபோன 1870 வரை, தன் கதைகளை மேடையில் படித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். புத்தகம் முன்னால் இருக்கும், எங்கே குரலை மாற்ற வேண்டும் என்று பக்க ஓரத்தில் குறித்தும் வைத்திருப்பார். பெரும்பாலும் மனப்பாடமாகவே தெரியும், ஆனாலும் புத்தகத்தை விடவில்லை. கட்டுரையாளர் பக்கமும் ஆள் உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1884-85ல் மேடை மேடையாகப் போன சுற்றுப்பயணத்தில் புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிட்டு, எழுத்து நடை வாயில் விறைத்துக்கொண்டு நிற்கிறதே என்று புத்தகத்தை ஓரங்கட்டினார். நியூயார்க்கில் 1997ல் தொடங்கிய 'தி மாத்' கதை மேடையிலும் தாளுக்கு இடமில்லை. அது ஒரு கலை, இருக்கட்டும். நான் பேசுவது குடும்பக் கதையைப் பற்றி மட்டும்.

என் அத்தைக்குக் காதில் கருவி உண்டு. மாமா தன் ஆபீஸ் கதையை ஆரம்பித்தால் அத்தையின் கை மெதுவாகக் காதுக்குப் போகும், கருவி அணையும், அப்புறம் அந்த முகத்தில் ஒரு சாந்தம் வரும் பாருங்கள்! மாமா பேசிக்கொண்டே இருப்பார், அத்தை சரியான இடைவெளியில் ‘அப்படியா’ போட்டுக்கொண்டே இருப்பார். மாமாவுக்கு இது தெரியவந்த நாளைத்தான் கதையாக எழுதினேன். மேடைக்குப் போகும் முன் இருவரையும் உட்காரவைத்துப் படித்தும் காட்டினேன். மூன்று வருடமாக இது நடந்தது என்று ஒரு வரி. அத்தை கையைக் காட்டி நிறுத்தி, “மூணு இல்லடா, ஆறு” என்றார். மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையும் கதையில் ஏறிவிட்டது.

இதே மாமா விஷயத்தில்தான் நான் ஒரு தடவை தடம் மாறினேன். அன்றைக்கு என்னவோ ஒரு தைரியம், தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஏறினேன். கூட்டம் நன்றாகச் சிரித்தது. ஒரு சிரிப்பு விழுந்தால் அடுத்ததற்கு நாக்கு தானாக அலையும், மேடை ஏறினவர்களுக்குத் தெரியும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மாமா நடக்கிற நடையை நடந்து காட்டினேன். எழுதியதில் இல்லாதது, யாரிடமும் கேட்காதது. அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். கடைசி வரிசையில் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. நாலு நாள் கழித்து மாமா போன் செய்தார். வேறு என்னென்னவோ பேசிவிட்டு வைக்கப்போகும் நேரத்தில், “நான் அப்படியாடா நடக்கிறேன்?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் தாள் இல்லாமல் ஏறுவதில்லை. அதில் இருப்பது வீட்டில் படித்துக் காட்டி, அவர்கள் சிரித்து, சிலதை அடித்து, சரி போ என்று விட்ட வார்த்தைகள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வைக்க எனக்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுதான்.

படித்தால் சப்பென்று இருக்கும் என்கிறார் கட்டுரையாளர். மோசமாகப் படித்தால் இருக்கத்தான் செய்யும். ‘கூறினார்’, ‘எனினும்’ எல்லாம் மைக் முன்னால் செய்தி அறிக்கை மாதிரி விழும், அதனால் நான் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து நிமிடம் கொடுத்தால் வீட்டில் நாலு நிமிடத்தில் முடிகிற அளவு, மீதி சிரிப்புக்கு. எழுத்து பெரிதாக, மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்து, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கமாட்டேன், தாள் புரட்டும் சத்தத்தை மைக் பொறுக்கி எடுத்து எல்லோருக்கும் கேட்கவைக்கும். சிரிப்பு வரவேண்டிய வரி மட்டும் மனப்பாடம், அது வரும் முன்பே தலை நிமிர்ந்திருக்க வேண்டும். போனில் வைத்துப் படிக்கலாமே என்பார்கள். ஒரு தடவை கதை சூடு பிடிக்கிற இடத்தில், கதையில் வரும் சித்தப்பாவே அழைத்தார். (அதற்கு விழுந்த சிரிப்பில் பாதிகூட என் எழுத்துக்கு விழவில்லை.)

அப்புறம் உறவுமுறை. பெரிய மாமா, சின்ன மாமா, மாமாவின் மாமா என்று போனால், கேட்கிறவர் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவா முடியும்? கதைக்கு மூன்று பேர்தான். நாலாவதாக யார் வந்தாலும் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஓப்பன் மைக் நடத்துகிறவர்கள் யாராவது அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாளுக்குத் தடை போட நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். அடுத்த மாதம் மாமாவைப் பற்றி ஒரு கதை படிக்கிறேன். அவரே இரண்டு இடத்தில் திருத்தி, ஒரு நிபந்தனையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
தாளோடு வரும் ஒரு வாசகன்