மின் நிலையத்தின் நிலம் மட்டும்தான் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர், சூளகிரி பக்கம் ஆலைகள் பெருகப் பெருக, சொந்தத் தேவைக்குச் சிறிய எரிவாயு மின் நிலையம் வைத்துக்கொண்டால் என்ன என்ற பேச்சு அடிபடுகிறது. மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் வழித்தடமே தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகத்தானே என்கிறார்கள்.

வரட்டும். சாம்பல் கிடையாது, கந்தகப் புகை மிகக் குறைவு, நிலக்கரியை எரிப்பதைவிடக் கரியமில வாயு ஏறக்குறைய பாதி. கரண்ட் போனதும் ஆலைக்கு ஆலை டீசல் ஜெனரேட்டர் உறுமுவதற்கு இது எவ்வளவோ மேல். காவிரி டெல்டாவில் திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் நூறு மெகாவாட் அளவில் அரசே இப்படி நிலையங்களை அமைத்திருக்கிறது. ஆனால் அங்கே எரிவாயுக் கிணறுகள் பக்கத்திலேயே உண்டு. நம் மாவட்டத்துக்கு எரிவாயு குழாயில்தான் வர வேண்டும். குழாய் யாருடைய நிலத்தில் போகும் என்பதுதான் என் கவலை.

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த எரிவாயு நிலையத்துக்கு மாநில அளவிலான ஆணையமே அனுமதி தரலாம். அதை, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்படாத ‘பி2’ பிரிவில் சேர்த்துவிட்டால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் தேவையில்லை. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அமைப்பதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு ஓர் இசைவாணை. இவை எல்லாமே மதில் சுவருக்குள் இருக்கும் நிலத்தைப் பற்றியவை. எரிவாயுவைக் கொண்டுவரும் கிளைக்குழாய்க்கு, அது சரணாலயம் போன்ற இடங்களைத் தொடாதவரை, சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம். மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிக்கும் வேண்டாம்.

நிலையத்துக்கான இடத்தை நிறுவனம் விலை பேசி வாங்கும். குழாய்க்கு 1962ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் குழாய் போடும் நிறுவனத்துக்குப் போகும். அதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர், மரச் சேதத்துக்குத் தனித்தொகை. அரசிதழில் அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளிப் பக்கம் அரசிதழ் படிக்கும் மா விவசாயி யாரையும் நான் பார்த்ததில்லை.

கெயில் குழாய்க்குச் சொன்ன 20 மீட்டர் அகலத்தையே எடுத்துக்கொள்வோம். சதுரமான ஒரு ஏக்கர் தோப்பின் குறுக்கே அது போனால் சுமார் 31 சென்ட் அடிபடும். பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட பெங்களூரா மாமரம் என்றால் பன்னிரண்டு மரங்களாவது போகும். அந்தப் பட்டையில் மறுபடி மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. ராகியோ நிலக்கடலையோ போட்டுக்கொள்ளலாம். காய்ப்புக்கு வந்த தோப்பை வைத்திருப்பவனிடம் இதை ஆறுதலாகச் சொல்கிறார்கள்!

கெயில் குழாய் விஷயத்தில் ஏழு மேற்கு மாவட்டங்களில் நடந்ததை மறந்துவிட முடியாது. நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோங்கள் என்று 2013இல் தமிழக அரசே சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது. 2022 ஏப்ரலில் தர்மபுரி மாவட்டத்தில் குழாய்ப் பணியை எதிர்த்து விவசாயி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாதையை முதலிலேயே ஊரில் வைத்துப் பேசியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆகவே கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன நிலையமாக இருந்தாலும், விண்ணப்பம் வந்ததுமே நிலையம், கிளைக்குழாய், மின்பாதை மூன்றையும் ஒரே வரைபடத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வே எண்களோடு தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, கிராம சபையில் வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். செய்யக்கூடாது என்றும் அது சொல்லவில்லையே. சிப்காட் சாலையையும் நெடுஞ்சாலை ஓரத்தையும் ஒட்டிக் குழாய் வரக்கூடிய இடத்தில்தான் நிலையம் என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டால், பல தோப்புகளுக்குள் அளவுக்கல்லே வராது.

தண்ணீர்க் கணக்கையும் அதே தாளில் கேட்க வேண்டும். நீராவிச் சுழலியும் சேர்ந்த நிலையம் என்றால் குளிர்விக்க நிறையத் தண்ணீர் வேண்டியிருக்கும். ரேடியேட்டர் வைத்த எரிவாயு இன்ஜினுக்கு அவ்வளவு வேண்டாம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்குப் பயந்து ஒகேனக்கல் குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டங்கள் இவை. எந்த வகை என்பதை அனுமதி கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.