நான்காம் ஆண்டுப் படத்துக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

விழித்திரைப் படங்களைப் படிக்கத் தொடங்கிய புதிதில் நாங்கள் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஒருவருடைய விழித்திரைப் படத்தில், மையத்துக்குச் சற்று மேலே, மை தெறித்ததுபோல் ஒரு கரும்புள்ளி. நிறமி திரண்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டோம். அடுத்தவர் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. அதற்கடுத்தவருக்கோ வலது கண், இடது கண் இரண்டிலும்! கேமராவின் லென்ஸில் ஒட்டியிருந்த தூசி அது. துடைத்த மறுகணமே அத்தனை பேருக்கும் குணமாகிவிட்டது.

எவ்வளவு சிறிய ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வயது கூடக்கூட மாக்குலா சிதையும் நோயில், நிறமியில் வரும் மாற்றங்களை ஆண்டுதோறும் படமெடுத்துப் பொதுத் தொகுப்பாக வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்காகவே உங்களிடம் கையேந்துகிறோம்.

மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. எழுத்தைப் படிப்பதும் எதிரே நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் வேலை. அங்கே ஒளியை வாங்கும் செல்களுக்குப் பின்னால், ஒரே ஒரு செல் கனத்தில், நிறமி அடுக்கு ஒன்று விரிந்திருக்கிறது. முன்னால் இருக்கும் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பதும் அவை கழிப்பதை வாங்கிச் செரிப்பதும் இந்த அடுக்குதான். முதுமையில் கழிவு தேங்குகிறது. அடுக்கின் அடியில் ட்ரூசன் எனப்படும் வெளிர்மஞ்சள் படிவுகள் சேர்கின்றன. பிறகு நிறமியும் நிலைகுலைகிறது. சில செல்கள் இடம்பெயர்ந்து விழித்திரைக்குள் ஏறுகின்றன. படத்தில் அவை பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டுத்திட்டாகத் தெரிகின்றன. வேறு சில இடங்களில் நிறம் வெளிறிப்போகிறது.

ட்ரூசனைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. நிறமியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இது எங்கள் ஆதங்கம். அமெரிக்காவில் 55 முதல் 80 வயதுக்கு உட்பட்ட 4,757 பேரை வைத்து நடந்த ஏஆர்இடிஎஸ் (வயது சார்ந்த கண் நோய் ஆய்வு) என்ற பெரிய ஆய்வு, 2005-ல் எளிய மதிப்பெண் முறை ஒன்றைத் தந்தது. ஒரு கண்ணில் பெரிய ட்ரூசன் இருந்தால் 1. நிறமி மாற்றம் இருந்தால் இன்னொரு 1. இரு கண்களுக்கும் சேர்த்து மொத்தம் 4. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு கண்ணிலாவது நோய் முற்றும் வாய்ப்பு, மதிப்பெண் 0 என்றால் சுமார் 0.5 சதவீதம், 1 என்றால் 3, 2 என்றால் 12, 3 என்றால் 25, 4 என்றால் 50. கணக்கைப் பாருங்கள்: பாதி மதிப்பெண் நிறமியின் பங்கு. பெரிய ட்ரூசனை அளக்க வழி இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணோடு சேரும் வட்டமான இடமாகிய பார்வை நரம்புத் தட்டின் விளிம்பைக் கடக்கும் பெரிய சிரையின் அகலம் ஏறக்குறைய 125 மைக்ரான். அதை ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். நிறமிக்கு அப்படியொரு கைவிரற்கடை கிடையாது. இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பவரின் கண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரே வகைப் படத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லவும் முடிவதில்லை. வண்ணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் திட்டு, தன்னொளிர்வுப் படத்தில் சில வேளை பளிச்சென்று மின்னும், சில வேளை இருண்டு கிடக்கும். நீல ஒளியைப் பாய்ச்சினால் செல்களுக்குள் தேங்கிய லிப்போஃபூசின் என்ற கழிவு ஒளிர்வதைத்தான் தன்னொளிர்வுப் படம் பதிவுசெய்கிறது. செல் மடிந்த இடம் இருளாகிவிடும். ஓசிடி ஸ்கேன் விழித்திரையைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிறது. அதில், அடுக்கை விட்டு மேலே நகர்ந்த நிறமி, வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு அடையாளக் கல் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் கவைகள். போன ஆண்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் கவைக்குக் கவை ஒட்டிவைத்துப் பார்க்கும்போதுதான், ஒரு திட்டு வளர்ந்ததும் பக்கத்தில் ஒன்று வெளிறியதும் புலப்படுகின்றன.

இன்னொரு குறையும் உண்டு. அந்தப் பெரிய ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கண்ணின் பின்புறத்தில் மெலனின் என்ற கருநிறமி எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. அடர்ந்த பின்னணியில் மெல்லிய கருந்திட்டு எடுப்பாகத் தெரிவதில்லை. ஆகவே எல்லா நிறக் கண்களும் எங்கள் தொகுப்பில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறோம்.

பணம் கேமரா வாங்குவதற்கு அல்ல. கேமராவுக்குப் பணம் திரட்டுவது எளிது. கொடுத்தவர் பெயரை அதன்மேல் பொறித்துவிடலாம். நான்காம் ஆண்டும் மறக்காமல் வந்து, தாங்கியில் தாடையை வைத்து, இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்மேல் யார் பெயரைப் பொறிப்பது? எங்களுக்குத் தேவை அவர் திரும்பி வருவதற்கான செலவு. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் எல்லாமே மங்கலாகவும் கூசலாகவும் இருக்கும். தனியாக வீடு போய்ச் சேர முடியாது. எனவே துணைக்கு வருபவரின் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்கிறோம். இருவர் தனித்தனியே படத்தைப் படித்து, முடிவு மாறுபட்டால் மூன்றாமவர் பார்க்கிறார். அவர்களுக்கு ஊதியம் உண்டு. இலவசமாகச் செய்யச் சொன்னால் இருநூறாவது படத்தில் கண் அயர்ந்துவிடும். படங்களைச் சுருக்காமல் மூல வடிவிலேயே சேமிக்கிறோம். சுருக்கினால் முதலில் கரைந்துபோவது நாங்கள் தேடும் அந்த மெல்லிய விளிம்புதான்.

பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை நீக்கிய பிறகே படங்கள் ஆய்வாளர்களுக்குச் செல்லும். நன்கொடையாளருக்கென்று தனிச் சலுகை ஏதும் கிடையாது, அது நிறுவனமாக இருந்தாலும் சரி. வரவு செலவுக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவைப்போம்.

ஒரே தடவையில் பெருந்தொகை தருவதைவிட, மாதந்தோறும் உங்களால் முடிந்த சிறு தொகை தருவது எங்களுக்கு அதிகம் உதவும். பாதியில் நின்றுபோன தொடர் படங்களால் யாருக்கும் பயனில்லை.

நன்கொடை தந்தவர்கள் தங்கள் கண் படத்தை அனுப்பி ‘எனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். எங்களால் பதில் சொல்ல இயலாது, மன்னியுங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, படிக்கும் வரியின் நடுவில் ஓர் எழுத்து மறைந்தாலோ எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

கொடுக்கப் பணம் இல்லாதவர்களிடம் வேறொன்று இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களின் பழைய விழித்திரைப் படங்கள் கோப்பில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அவர்கள் சம்மதத்தோடு தாருங்கள். எடுத்த தேதியும் எந்தக் கண் என்பதும் படத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
படத்தொகுப்புக் குழுவினர்