டெண்டர் கட்டு பிரிக்குமுன்

எய்யா,

சீனியர் ஆபீஸில் டெண்டர் ரிட்டுகளை (அரசு டெண்டர் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுக்களை) கையில் கொடுக்கிறார்கள், அந்தப் பக்கமே போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் அங்கே வாதத் திறமைக்கு வேலை கொஞ்சம்தான். கோப்பும் தேதியும்தான் பாதி வழக்கை முடித்துவிடும்.

கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், டெண்டர் விட்டது யார் என்று கேள். நம்ம மாநகராட்சி, நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியம் என்றால் தமிழ்நாட்டின் 1998-ம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் வருஷத்து விதிகளும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், ரயில்வே என்றால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது. மத்திய அரசின் விதிகளையும் அந்தந்த நிறுவனத்தின் கொள்முதல் கையேட்டையும் எடுக்க வேண்டும்.

அடுத்தது தேதி. டெண்டரை ஏற்ற உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11-ம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு. நம்ம கான்ட்ராக்டர்கள் தகவல் உரிமை மனு போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு; பதில் வரும்போது எதிராளி ஜல்லி இறக்கியிருப்பான். மனு போடட்டும், ஆனால் அதை நம்பி நிற்காதே. தொழில்நுட்பக் கவர் (விலைக்கு முன் தகுதியைப் பார்க்கும் பகுதி) திறந்த அன்றே டெண்டர் போர்ட்டலில் தெரியும் மதிப்பீட்டுப் பக்கங்களைத் தேதியோடு அச்செடுத்து வை. நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேட்டு அன்றைக்கே கடிதம் கொடு.

அந்தக் காரணம்தான் உன் கைமுதல். ஓர் உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'தகுதியில்லை' என்று ஒரே வரியில் தள்ளியிருந்தால் அரசுத் தரப்பு திணறும். 'முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைத்தொகை) ரசீதைப் போர்ட்டலில் ஏற்றவில்லை' என்று குறிப்பாக எழுதியிருந்தால், ரசீது ஏற்றியதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபீஸ் பேசு.

டெண்டர் போடக் கொடுத்த அவகாசத்தையும் எண்ணிப் பார். அந்த 2000-ம் வருஷத்து விதிகளில் 20-ம் விதிப்படி 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். பல கோப்புகளில் அந்தக் காரணம் 'அவசரம்' என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும். ஆனால் இதையும், குறிப்பிட்ட ஆளுக்கென்றே தைத்த அனுபவ நிபந்தனையையும், கடைசித் தேதிக்கு முன்பே எதிர்க்க வேண்டும். கலந்துகொண்டு தோற்ற பிறகு நிபந்தனை சரியில்லை என்றால் கோர்ட் காதில் வாங்காது.

தடை உத்தரவு சுலபமாகக் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. டெண்டர் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் 1994 டாடா செல்லுலார், 2006 ஜகதீஷ் மண்டல் இரண்டையும் முழுசாகப் படி, மேலே இருக்கும் சுருக்கமான தலைக்குறிப்பு போதாது. முடிவு சரியா என்பதைவிட, முடிவெடுத்த முறை சரியா, பொதுநலன் பாதிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2022-ல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கு, கட்டுமானப் பணிகளுக்குத் தடை கொடுக்கத் தயங்கு, நஷ்டஈட்டுக்கு அனுப்பு என்றே சொல்லிவிட்டது. கோடகன் கால்வாய் மராமத்தை மே மாதம் நிறுத்தக் கேட்டால், கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் நாள் அரசு வக்கீலின் முதல் வரியாக வரும். அதற்குப் பதில் உன் மனுவிலேயே இருக்கட்டும்.

திருநெல்வேலி விஷயம் மதுரைக் கிளைக்குத்தான் போகும். டெண்டர் கிடைத்தவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் தாக்கல் செய்யாதே. வழக்கே அதில் விழும்.

புதிதாக வருகிறவனுக்கு நான் கைகாட்டுவது கருப்புப் பட்டியல் வழக்குகளை, அதாவது கான்ட்ராக்டரை இனி டெண்டரே போடக் கூடாது என்று ஒதுக்கும் உத்தரவை எதிர்ப்பவை. நோட்டீஸில் கருப்புப் பட்டியலில் சேர்க்கப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் சேர்த்தால் நிற்காது. 2014 கூர்க்கா செக்யூரிட்டி, 2020 யு.எம்.சி. டெக்னாலஜீஸ் தீர்ப்புகள் இரண்டும் கைவசம் இருக்கட்டும். நோட்டீஸையும் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாலே ஓட்டை தெரிந்துவிடும்.

கோர்ட்டுக்கு வெளியே வரும்படி ஆலோசனையில்தான். கவர் போடுமுன் கட்டைச் சரிபார்த்துக் கொடு: டிஜிட்டல் கையெழுத்துச் சான்று காலாவதியா, விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றிவிட்டார்களா (மாற்றினால் போர்ட்டல் ஏற்காது), அனுபவச் சான்றில் வேலை முடித்த தேதி இருக்கிறதா. கடைசி நாள் சாயங்காலம் ஏற்ற விடாதே, சர்வர் படுத்துவிட்டது என்பதை நிரூபிப்பது பெரும்பாடு.

பாளையங்கோட்டையில் என் மேஜையில் இருக்கும் பழைய டெண்டர் கட்டுகளில் இரண்டை கூரியரில் அனுப்புகிறேன். முதலில் அலுவலகக் குறிப்புப் பக்கங்களை வாசி, மனுவைப் பிறகு பார்.

அம்மா