உன் பெட்டியில் இருந்த சீடி

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. குளிர் விட்டதால் கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. இரவு டியூட்டி முடிந்து வெறும் தேத்தண்ணியோடு படுக்காதே.

ப்ளோண்டி இசைக்குழுவின் ட்ரம்மர் கிளெம் பர்க் போய்விட்டார் என்று நீயும் பார்த்திருப்பாய். 70 வயது, புற்றுநோய். அன்றைக்கு நீ போன் எடுப்பாய் என்று நினைத்து, அம்மா படுத்த பிறகும் ஹோலில் இருந்தேன். சோபா மெத்தையை இரண்டு பென்சிலால் அடித்து அடித்து அவர்களின் 'ட்ரீமிங்' பாட்டைப் பழகியவன் நீ. எடுக்கவில்லை. சரி, வேலை இருந்திருக்கும்.

அடுத்த நாள் லொஃப்டில் ஏறி உன் பெட்டியைத் திறந்தேன். மேலேயே அவர்களின் 'நோ எக்ஸிட்' சீடி கிடந்தது. 1999 பெப்ரவரியில் நான் வாங்கித் தந்தது. மூடியில் அந்த வெடிப்பு அப்படியே இருக்கிறது. சித்தப்பா வீட்டுத் தம்பி அதன்மேல் இருந்துவிட்டான் என்று எவ்வளவு சத்தம் போட்டாய். உள்ளே இருக்கிற சின்னப் புத்தகத்தில் நீங்கள் இருவரும் பதினாலு பாட்டுக்கும் பென்சிலால் மார்க் போட்டிருக்கிறீர்கள். உன்னுடையது இடப்பக்கம், அவனுடையது வலப்பக்கம். 'மரியா'வுக்கு இரண்டு பேரும் பத்து. அந்தக் கன்ட்ரி வால்ட்ஸ் பாட்டுக்கு நீ ஒன்பது, அவன் இரண்டு. அவனுடைய இரண்டை நீ அழித்து ஐந்து என்று எழுதியிருக்கிறாய். அழித்த அடையாளம் தெரிகிறது.

அந்த நாட்களில் 'சத்தத்தைக் குறை' என்று கத்தினதைத் தவிர நான் அதைக் கேட்டதில்லை. இப்போது மூன்று நாளாகக் கேட்கிறேன். முதல் பாட்டு ஸ்கா, அந்த ஜமைக்கா இசை. நாலாவது பாட்டில் பாக் என்ற பழைய இசைமேதையின் ஓர்கன் இசை வருகிறது, அதற்கு மேலே கூலியோ ராப் பாடுகிறார். பிறகு ஜாஸ், பிறகு கன்ட்ரி. ஒரு தட்டில் இத்தனை கறியா என்று முதலில் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் ப்ளோண்டி எப்போதும் அப்படித்தானே. நியூ வேவ் என்று பெயர் வாங்கிக்கொண்டு டிஸ்கோ செய்தார்கள், ரெகே செய்தார்கள், 1981இலேயே ராப் செய்தார்கள். கடைசிப் பாட்டுகள் சில எனக்குச் சப்பென்று இருக்கின்றன. ஆனால் 'மரியா' வரும்போது ட்ரம்ஸை மட்டும் கேட்கிறேன். நீ சொல்லித் தந்த மாதிரி, பாட்டை விட்டுவிட்டு ட்ரம்ஸை மட்டும்.

1982இல் பிரிந்தவர்கள். கிட்டார் வாசித்த கிறிஸ் ஸ்டைனுக்கு அந்தத் தோல் வருத்தம், பெம்பிகஸ். டொக்டரான உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடகி டெபி ஹாரி பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு அவர்கள் ஜோடியாகவும் பிரிந்தார்கள், ஆனால் விட்டுப் போகவில்லை. பதினேழு வருடம் கழித்து இந்த சீடி. திரும்பச் சேருவோம் என்று முதலில் கேட்டது ஸ்டைன்தான். ஹீட்டர் பக்கத்தில் இருந்து இதை எழுதும்போது எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவர் முதலில் போன் எடுக்கத்தான் வேண்டும். பழைய ஆட்கள் இரண்டு பேரைச் சேர்க்காமல் விட்டார்கள், அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், அதுவும் நடந்தது. அப்படியிருந்தும் 'மரியா' இங்கே பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அவர்களின் 'ஹார்ட் ஒஃப் கிளாஸ்' முதலிடத்துக்கு வந்து சரியாக இருபது வருடம். டெபி ஹாரிக்கு அப்போது 53 வயது. உனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

ஒருக்கா போன் எடு, மகன். எனக்கு இல்லை, தம்பிக்கு.

கோயிலில் யார் கேட்டாலும் என் மகன் கிளாஸ்கோவில் டொக்டர் என்று சொல்கிறேன். சொல்லும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் போன வருடம் சித்தப்பாவின் செத்தவீட்டில் எல்லாரும் உன்னைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ரயிலில் ஐந்து மணித்தியாலம். நான் உன்னை அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. தகனசாலையில் பொத்தானை அழுத்தத் தம்பியால் முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்தினான். அது என் கையாக இருந்திருக்கக் கூடாது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். கோபித்தால் கோபி.

நீ ஏ லெவல் எடுத்த வருடம், உங்கள் கொழுவலுக்குப் பிறகு, அவன் மூன்று தரம் வீட்டுக்குப் போன் எடுத்தான். மூன்றாம் தரம் அழுதான். 'பெரியப்பா, நான் செய்தது பிழை, அண்ணாவிடம் சொல்லுங்கோ' என்றான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த ட்ரம்ஸ், அந்தப் பாட்டு எல்லாம் போனால்தான் நீ படிப்பாய் என்று நினைத்தேன். சோதனை முடியட்டும் என்று வைத்தேன். முடிந்தது, ரிசல்ட் வந்தது, நீ யுனிவர்சிட்டி போனாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று நீ இருந்தாய். நீ மன்னிக்கவில்லை என்று அவன் இருந்தான். இருபத்தொரு வருடம் நடுவில் நான் ஒரு சுவர் மாதிரி நின்றிருக்கிறேன். சித்தப்பா சாகும்வரை 'ஏன் பொடியன்கள் கதைக்கிறதில்லை' என்று என்னிடம்தான் கேட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவனிடம் போன கிழமை சொல்லிவிட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 'அண்ணா இன்னும் ட்ரம்ஸ் அடிக்கிறாரா?' என்று கேட்டான்.

மே 3 சனிக்கிழமை சித்தப்பாவின் ஆண்டுத்திவசம். சீடியை இதற்குள் வைத்திருக்கிறேன், அவனுடைய நம்பர் அந்தச் சின்னப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒருக்கா எடு. அவனுக்கும் உன்னைப்போல இரவு வேலைதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் எழும்புவான்.

அன்புடன்,
அப்பா